குழல் மாற்றும் யோசனை

காரைக்கால் கடற்கரையில் மாலை வேளையில் ஆயுதம் தாங்கி நிற்பவர்கள் யார் யார் என்று பார்த்தால், கடலோரக் காவல்காரர்களை அடுத்து வருவது அற்புதம்தான். வயது அறுபதைத் தாண்டியவள். போலகத்தில் பிறந்து, காரைக்கால் டவுனில் வாழ்க்கைப்பட்டு, கணவர் காலமான பிறகு அவர் விட்டுப்போன படைக்குத் தலைமை ஏற்றவள். படை என்பது ஒரு பழைய காற்றுத் துப்பாக்கி, ஒரு மரப்பலகை, ஒரு டப்பா ஈயக்குண்டு. எதிரிகள் பலூன்கள். அவற்றையும் அவளேதான் தினம் வாய் வலிக்க ஊதிப் பலகையில் கட்ட வேண்டும். எதிரியைத் தன் மூச்சைக் கொடுத்து உண்டாக்கிவிட்டு, அவனைச் சுட ஊரைக் கூவிக் கூப்பிடுகிற தளபதி உலக சரித்திரத்தில் வேறு யாராவது உண்டா என்று படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

துப்பாக்கியின் பூர்வீகம் பற்றி இரண்டு வரலாறுகள் உண்டு. முதலாவது, அவள் கணவர் பிலோமின்ராஜ் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிவந்தது: பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த தன் பாட்டனார் சைகோனிலிருந்து கப்பலில் திரும்பியபோது கையோடு கொண்டுவந்த ரைபிள் இது. இரண்டாவது, உண்மையானது: வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் கடை போட வந்த ஒருவன், ஊர் திரும்ப வழியில்லாமல் விற்றுவிட்டுப் போனது. முதல் வரலாற்றைக் கேட்டவர்கள் துப்பாக்கியை இரண்டு கையாலும் பயபக்தியோடு வாங்கினார்கள். இரண்டாவது, அற்புதம் ஒருத்திக்கு மட்டும் தெரியும். இந்த ராணுவ ரகசியத்தை அவள் இன்றுவரை எந்த வல்லரசுக்கும் விற்கவில்லை.

துப்பாக்கிக்கு ஒரு குணம் இருந்தது. நேராகப் பலூனைப் பார்த்துச் சுட்டால் குண்டு வலது பக்கமாகச் சாய்ந்து, இரண்டு பலூன்களுக்கு நடுவே வெறும் பலகையில் போய் ‘டொக்’கென்று அடிக்கும். பலூன் உடைய வேண்டுமென்றால் அதற்கு நாலு விரல் இடப்பக்கம் தள்ளி, ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்த்து விசையை அழுத்த வேண்டும். காரைக்காலில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இது தெரியும். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததில் எது மறந்தாலும் நாலு விரல் கணக்கு மறக்காது. துபாயில் வேலை பார்த்துவிட்டு வருஷங்கள் கழித்து வருகிறவன்கூடத் துப்பாக்கியைத் தோளில் வைத்ததும் தானாக இடது பக்கம் ஒதுங்குவான்.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. திருநள்ளாற்றில் குளத்தில் முழுக்குப் போட்டு, சனி பகவானைச் சேவித்து, பிடித்திருந்த தோஷமெல்லாம் கழன்றுவிட்ட தெம்பில் கடற்கரைக்கு வரும் குடும்பத் தலைவர்கள், மனைவி மக்கள் பார்த்திருக்க, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுடுவார்கள். டொக். மறுபடியும் டொக். பெண்டாட்டி லேசாகச் சிரிப்பாள். முழுக்கு சரியாகப் போடவில்லையோ என்று அந்த மனுஷனுக்கே சந்தேகம் வந்துவிடும். அந்தச் சந்தேகம் கோபமாக மாறி அற்புதத்தின் மேல் பாயும்.

“என்னம்மா துப்பாக்கி இது? நேரா புடிச்சா கோணையா போவுது!”

“துப்பாக்கி நேராத்தாங்க போவுது. பலூன்தான் நவுருது. கடக்காத்து.”

“நான் என்.சி.சி.ல சுட்டவன்ம்மா!”

“அங்க பலூன் கட்டியிருந்தாங்களா?”

“ஏமாத்து வேலை!”

“ஏமாத்தி நான் மாடி வீடு கட்டியிருக்கேன் பாருங்க. அந்தா தெரியுதுல்ல வெளக்குத்தூணு, அது என்னுதுதான்.”

இப்படி ஒரு மாலைக்கு நாலைந்து சண்டை கிடைக்கும். தேர்பவனி, கந்தூரி, மாங்கனித் திருவிழா என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மூன்று மதத்தாரும் பேதமில்லாமல் வந்து அவளைத் திட்டுவார்கள். அற்புதம் இந்தச் சண்டைகளை மனசார நேசித்தாள். காரணம், அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. மகள் ஆன்லின், மாப்பிள்ளையோடு பிரான்சில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். “சாப்ட்டியாம்மா?” “சாப்ட்டேன்.” “மழையா?” “இல்ல. அங்க?” “இங்க குளிரு.” இரண்டு நாட்டுச் சாப்பாடும் வானிலையும் பரிமாறப்பட்டதும் பேச்சுவார்த்தை சுமுகமாக முடிந்துவிடும். மற்ற நாட்களில் மாதா கோவிலுக்குப் பின்னாலிருக்கும் அந்த வீட்டில் வாயைத் திறந்து சத்தம் போடுவது குக்கர் மட்டும்தான். ஒரு முறை அவள் அதற்கு “இரு, வர்றேன்” என்று பதில் சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தாள். கேட்பதற்கு யாராவது இருந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

வந்து போகிற சண்டைகள் பல இருந்தாலும், நிலையான சண்டை என்று ஒன்று இருந்தது. அதன் பெயர் ஜெய்னுலாபுதீன். புருனேயில் மளிகைக்கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர். மனைவி மவுத்தாகிவிட்ட பிறகு, மேல்மாடி வீட்டில் தனியாக இருப்பவர். மாலை அஸர் தொழுகை முடித்துக் கடற்கரைக்கு வருவார். நேராக அற்புதத்தின் கடை முன்னால் வந்து நிற்பார். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் புறப்படும்வரை அங்கேதான். இடையில் மூன்று குண்டு சுடுவார். உள்ளூர்க்காரர் ஆதலால் மூன்றும் பலூனை உடைக்கும். உடைத்துவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பார்.

“இது நியாயமா அற்புதம்மா?”

“ஒடைஞ்சிருச்சுல்ல பாய், இன்னும் என்ன நியாயம்?”

“நான் எங்க பாத்து சுட்டேன்? வெறும் பலகையப் பாத்து சுட்டேன். வெறும் பலகையப் பாத்து சுட்டு பலூன ஒடைக்கிறதெல்லாம் ஒரு வீரமா? பலூனப் பாத்து சுட்டு பலூன் ஒடையணும். அத ஒருநாளு கண்ணால பாத்துட்டுத்தான் நான் மவுத்தாவேன். குழலு தேஞ்சு கெடக்கு. மாத்துங்கன்னு எத்தன வருஷமா சொல்றேன்?”

“யோசிச்சுக்கிட்டு இருக்கேன் பாய்.”

“அணை கட்டுறதுக்குக்கூட இவ்வளவு யோசிக்க மாட்டானுவ.”

“அணை ஒடைஞ்சா ஊரு போயிரும். இங்க பலூன்தான போவுது.”

“குழல மாத்தலன்னா நாளைலேர்ந்து வரமாட்டேன்.”

“வராதீங்க. கடலு ஒண்ணும் வத்திடாது.”

பாங்கு சத்தம் கேட்கும். அவர் செருப்பை உதறிப் போட்டுக்கொண்டு போவார். மறுநாள் அஸர் முடிந்ததும் வந்து நிற்பார். பிலோமின்ராஜ் உயிரோடு இருந்தபோது தொடங்கிய இந்தப் பேச்சுவார்த்தை, அவர் இறந்த பிறகும் ஒரு நிபந்தனைகூட மாறாமல் நடந்துகொண்டிருந்தது. எல்லைத் தகராறுகளில் இவ்வளவு ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது.

பிரச்சினை, துப்பாக்கி நெறி தவறியபோதுதான் ஆரம்பித்தது.

அதுவரை அது பொய்தான் சொல்லிற்று. ஆனாலும் தினம் ஒரே பொய்யைச் சொல்லிற்று. ஊர் அதை நம்பிப் பிழைத்தது. இப்போதோ ஒரு குண்டு வலதில் போனால் அடுத்தது இடதில் போயிற்று, அதற்கடுத்தது மணலில் சொத்தென்று விழுந்தது. நாலு விரல் கணக்கு செல்லாமல் போனது. வெளியூர்க்காரர்களும் சண்டைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். சண்டை போடுவதற்கு எதிராளி மேல் கொஞ்சம் மரியாதை வேண்டும் அல்லவா? அவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் புதிதாக வந்திருந்த கடைக்குப் போனார்கள். அங்கே இரண்டு புதுத் துப்பாக்கி, கலர் லைட்டு, பாட்டு.

“நான் சொன்னேன்ல,” என்றார் ஜெய்னுலாபுதீன். ஆனால் அவர் குரலில் வெற்றி இல்லை. அன்று அவர் சுட்ட மூன்றும் டொக்.

அற்புதம் துப்பாக்கியைப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு கிளிஞ்சல்மேட்டுக்கு ஆட்டோவில் போனாள். அங்கே படகுகளுக்கு ஷாப்ட் கடைந்து கொடுக்கும் ஐயனாரின் லேத் பட்டறை இருந்தது. ஐயனார் குழலைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணால் உள்ளே பார்த்தான். டாக்டர்கள் கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் வைத்துக்கொள்கிற முகத்தை வைத்துக்கொண்டான்.

“யாருக்கா இத தொடச்சது?”

“அவருதான். தெனம் கடைய கட்டுனதும், குடக்கம்பில துணியச் சுத்தி, தேங்கா எண்ணயத் தொட்டு, அரைமணி நேரம் தொடைப்பாரு. ஏம் மூஞ்சியக்கூட அப்புடிப் பாத்ததுல்ல.”

“தொடைக்கலக்கா, தேச்சிருக்காரு. உள்ள சுத்திச் சுத்தி வரி ஓடணும், அதுலதான் குண்டு சொழண்டு நேராப் போவும். வாய்ப்பக்கம் வரியே இல்ல. வலது பக்கமா ஒரே தேய்ப்பு. அண்ணன் வலது கைக்காரரா?”

“ஆமா.”

“அதான் குண்டு ஒரு பக்கமாவே சாஞ்சிருக்கு. கம்பி தெனம் அந்தப் பக்கமே ஒரசியிருக்கு.” அவன் மறுபடி உள்ளே பார்த்தான். “ஆனா எனக்கு ஒண்ணு புரியல. எடது பக்கமும் தேஞ்சிருக்கே? இது பிற்பாடு, கொஞ்ச வருஷத்துக்குள்ள வந்த தேய்ப்பு. அண்ணன் போனதுக்கப்பறம் யாரு தொடைக்கிறா?”

அற்புதம் தன் இடது கையைப் புடவைத் தலைப்புக்குள் மெல்ல இழுத்துக்கொண்டாள். சாப்பிடுவது தவிர மற்ற எல்லாவற்றையும் அவள் அந்தக் கையால்தான் செய்வாள்.

ஆக, விஷயம் இதுதான். புருஷனும் பெண்டாட்டியும் வாழ்ந்த காலத்தில் எதிலும் ஒத்துப்போனதில்லை என்பது தெருவுக்கே தெரியும். மீன் குழம்பில் புளியா மாங்காயா என்பதிலிருந்து மகளுக்கு எந்தப் புனிதையின் பெயர் என்பது வரைக்கும் இரண்டு கட்சி. அவர் போன பிறகாவது அது ஓய்ந்தது என்று ஊர் நினைத்திருக்க, குழலுக்குள் அது இன்னமும் நடந்துகொண்டிருந்தது. அவர் ஒரு பக்கம் தேய்த்ததை இவள் மறுபக்கம் தேய்த்து மறுத்திருக்கிறாள். நடுவில் ஓடுகிற குண்டு, மாமனார் மாமியார் சண்டையில் சிக்கிய புது மாப்பிள்ளை மாதிரி, எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாமல் மணலில் விழுந்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது.

“இத ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. புதுக்குழலு வரவழைச்சு மாட்டிடுவோம். நூல் புடிச்ச மாதிரி போவும்.”

அற்புதம் ஒருமுறை வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: “தம்பி, புதுக்குழல மாட்டும்போதே, நாலு வெரக்கடை வலது பக்கம் சாஞ்சு போற மாதிரி மாட்ட முடியாதா?”

ஐயனார் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான். “கோணையா மாட்டச் சொல்றீங்களா?”

“ரொம்ப கோண வேணாம். முந்தி இருந்த அதே கோண.”

“ஏங்க்கா, நான் போட்டுக்கு ஷாப்ட் கடையுறவன். அது மயிரிழை கோணினாலும் போட்டு நடுக்கடல்ல வெடவெடன்னு ஆடும். நேரா வேணும்னா ஏங்கிட்ட வாங்க. கோணையா வேணும்னா…” அவன் யோசித்தான். ஊரில் கோணலாக வேலை செய்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. பல பெயர்கள் அவன் நாக்கு நுனிவரை வந்திருக்க வேண்டும். தொழில் தர்மம் கருதி விழுங்கிவிட்டான். “யோசிச்சு சொல்லுங்கக்கா.”

அவள் துப்பாக்கியைச் சுற்றிக்கொண்டு திரும்பினாள். யோசித்தாள். குழலை மாற்றாவிட்டால் கடைக்கு ஆளே வராது. மாற்றினால் வருகிற ஆள் பேசாமல் சுட்டுவிட்டுப் பேசாமல் போய்விடும். இதைவிடச் சுலபமான கேள்விகளுக்கெல்லாம் விசாரணைக் கமிஷன் போட்டிருக்கிறார்கள். அவளுக்கு இருந்த ஒரே கமிஷன் பாவசங்கீர்த்தனம்தான். சனிக்கிழமை மாதா கோவிலுக்குப் போய் மண்டியிட்டாள். தட்டிக்கு அந்தப் பக்கம், பங்குக்குப் புதிதாக வந்த இளம் சாமியார்.

“சாமி, ஏந் துப்பாக்கி நேராப் போவாது.”

அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. “துப்பாக்கியா? யாரையாவது… சுட்டீங்களாம்மா?”

“பலூனத்தான் சாமி. கடற்கரைல.”

நிம்மதிப் பெருமூச்சு ஒன்று தட்டியைத் தாண்டி வந்தது. பிறகு நாற்காலி தட்டிக்கு நெருங்கி வந்தது. “எந்தப் பக்கம் போகும்?”

“வலது பக்கம். நாலு வெரலு.”

“நான் இந்த ஊருக்கு வந்த அன்னிக்கு சாயந்தரம் சுட்டேன்மா,” என்றார் சாமியார், அடக்கமுடியாத ஒரு மனத்தாங்கலோடு. “ஒண்ணுகூட ஒடையல.” பிறகு தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது ஞாபகம் வந்து தொண்டையைச் செருமிக்கொண்டார். “சரி பண்ணிடுங்க. அதுதான் பரிகாரம்.”

“சரி பண்ணா யாரும் சண்டைக்கு வரமாட்டாங்களே சாமி.”

“சண்டை இல்லாம இருக்கறது நல்லதுதானேம்மா.”

அற்புதம் அவரைக் குற்றம் சொல்லவில்லை. சின்ன வயசு. சமையல்காரர், கோவில்பிள்ளை, பங்குப் பேரவை என்று அவருக்குச் சண்டை வீடு தேடி வருகிறது. தேடிப் போகிறவர்களின் கஷ்டம் தெரிய நியாயமில்லை.

அவள் யோசனையை ஆறப்போட்டாள். கடையை வழக்கம்போலப் போட்டாள். யார் வராவிட்டாலும் ஜெய்னுலாபுதீன் வந்தார், சுட்டார், மணலில் விழுந்த குண்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஒருநாள், பாங்கு கேட்பதற்குக் கொஞ்சம் முன்னால், “நாளைலேர்ந்து வரமாட்டேன் அற்புதம்மா” என்றார். அப்போது அவள் வாயில் பாதி ஊதிய பலூன் இருந்தது. வாயை எடுத்தால் காற்று போய்விடும். எனவே வழக்கமான பதிலைக் கையால் சொன்னாள்: போங்க, போங்க. அவர் போகாமல் கொஞ்சம் நின்றார். சட்டையில் இல்லாத மணலைத் தட்டினார். பலூன் மெல்லப் பெருத்து அவள் முகத்தை மறைத்தது. முடிச்சுப் போட்டு நிமிர்ந்தபோது அவர் சாலைக்குப் போகும் படிக்கட்டு ஏறிக்கொண்டிருந்தார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நிஜமாகவே கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது என்று அற்புதம் முடிவு செய்தாள். கோபம் என்றால் அது குழல் மேல்தான். அவளுக்கும் ரோஷம் உண்டு. ஒரு வாரம் அசையவில்லை. அஸர் முடிகிற நேரத்துக்குப் படிக்கட்டுப் பக்கம் பார்க்கக் கூடாது என்று முதுகைத் திருப்பிக்கொண்டு பலூன் ஊதினாள். முதுகாலேயே பார்க்கப் பழகினாள். கடைசியில், அந்தப் பக்கம் மருந்து வாங்க வேலை இருப்பதுபோல அவர் தெருவுக்குப் போனாள். மேல்மாடியில் பூட்டுத் தொங்கியது. கீழ்வீட்டில் இருக்கும் ஆஸியா பீவி, அவருக்குத் தினம் சாப்பாடு கொடுத்தனுப்புகிறவர், வெளியே வந்தார்.

“மவன் வந்து மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டாரும்மா. மூட்டு வலி, மாடி ஏற முடியல. இனிமே அங்கதான். ஒங்கள்ட்ட சொல்லிட்டுத்தான் போவேன்னு அன்னிக்கி கடற்கரைக்கு வந்தாரே. சொல்லலியா?”

“சொன்னாரு,” என்றாள் அற்புதம்.

சொல்லத்தான் செய்தார். பிசகில்லாமல், தெளிவான தமிழில் சொன்னார். அத்தனை வருஷமாகத் தினமும் அதையே சொல்லிவந்திருந்ததால் அன்றைக்கு நிஜமாகச் சொன்னதை வேறு எப்படிச் சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை, கேட்கிறவளுக்கும் தெரியவில்லை. தன் ஃபோன் நம்பரை ஆஸியா பீவியிடம் கொடுத்துவிட்டு, மருந்து வாங்காமலே வீட்டுக்கு வந்தாள். குக்கர் வைக்கவில்லை.

மறுநாள் காலை கிளிஞ்சல்மேட்டுக்குப் போய், “நேராவே மாட்டிடு தம்பி,” என்றாள்.

ஐயனார் நூல் பிடித்த மாதிரி மாட்டிக் கொடுத்தான். பழைய குழலையும் தூக்கிப் போடாமல் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தான். “வச்சுக்குங்க. ரெண்டு பேரும் சேந்து தேச்சது.”

அதன் பிறகு நடந்தது அவள் பயந்தது போலவே நடந்தது. வெளியூர்க் குடும்பத் தலைவர்கள் வந்தார்கள். ஒரு கண்ணை மூடினார்கள். பட், பட், பட். பெண்டாட்டி கைதட்டினாள். சனி விலகியது என்று எல்லோருக்கும் திருப்தி. “தேங்க்ஸ் ஆன்ட்டி” என்று துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுச் சுண்டல்காரனிடம் போய்ப் பேரம் பேசிச் சண்டை போட்டார்கள். அற்புதம் அந்தச் சுண்டல்காரனைப் பொறாமையோடு பார்த்தாள். உள்ளூர்க்காரர்கள் சில நாள் ஆறுதல் தந்தார்கள். பழக்க தோஷத்தில் நாலு விரல் இடப்பக்கம் பிடித்துச் சுட்டு, டொக்கென்று பலகையில் அடித்து, “நல்லா இருந்த துப்பாக்கிய கெடுத்துட்டீங்களே!” என்று மனசார ஏசினார்கள். அவளும் தெம்பாகப் பதில் கொடுத்தாள். ஆனால் ஒரு தலைமுறையாகக் கற்ற வித்தையை ஊர் ஒரே வாரத்தில் மறந்துவிட்டது. அப்புறம் அவர்களும் பட், பட். கூட்டம் நல்ல கூட்டம்தான். அத்தனை பேர் நடுவில், வாயில் பலூனோடு, அவள் சாயங்காலம் முழுவதும் ஒரு வார்த்தை பேசாமல் நின்ற நாட்கள் உண்டு.

ஒருநாள் ஃபோன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை. அதனால் முதலில் எடுக்கவே பயந்தாள்.

“ஜெய்னுலாபுதீன் பேசுறேன்.”

“எந்த ஜெய்னுலாபுதீன்?”

“காரைக்கால் கடற்கரைல ஒங்க ஓட்டைத் துப்பாக்கிட்ட ஏமாந்தவன்.”

“அப்புடி நெறைய பேரு இருக்காங்க.”

அந்தப் பக்கம் அவர் சிரித்தது கேட்டது. பிறகு, வயசான குரலில், “இங்க பேச ஆளில்ல அற்புதம்மா. எல்லாரும் வேலைக்குப் போயிடுறாங்க. மருமவ நல்ல புள்ள, டீ.வி. ரிமோட்ட கையில குடுத்துட்டுத்தான் போவுது,” என்றார். “அத விடுங்க. குழல மாத்திட்டீங்களா?”

அற்புதம் துப்பாக்கியைப் பார்த்தாள். புதுக்குழல் வெயிலில் பளபளவென்று மின்னியது. அப்போதுதான் ஒரு பொடியனின் தகப்பன் நாலு பலூனை வரிசையாக உடைத்துவிட்டுப் போயிருந்தான். பலூனைப் பார்த்துச் சுட்டுப் பலூன் உடைகிற நாள் வந்துவிட்டது. கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மவுத்தாவேன் என்றவர் மெட்ராசில் இருக்கிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் சந்தோஷப்படுவார். சந்தோஷப்பட்டு, சாப்பிட்டீங்களா என்பார். மழையா என்பார்.

“மாத்தல பாய்.”

“மாத்தலயா!” குரலில் பத்து வயசு குறைந்துவிட்டது. “ஏம்மா, எத்தன வருஷமா தொண்டத் தண்ணி வத்தக் கத்துறேன்! ஒங்களுக்கெல்லாம் யாரு கடை வைக்கச் சொன்னது?”

புதுப் பாவம் ஒன்று கணக்கில் ஏறியது அவளுக்குத் தெரிந்தது. வருகிற சனிக்கிழமை போய், ‘சாமி, ஏந் துப்பாக்கி நேராப் போவுது’ என்று சொல்ல வேண்டியிருக்கும். சாமியாருக்கு எது பாவம் என்பதே குழம்பிப்போகும். போகட்டும்.

மறுநாள் அதே நேரத்துக்குக் கூப்பிட்டார். அதற்கு மறுநாளும். காதில் ஃபோனை வைத்துக்கொண்டு பலூன் ஊத முடியாதென்பதால் அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். பழைய குழலைக் கொண்டுவந்து, அவர் வழக்கமாக நிற்கிற இடத்தில் மணலில் ஊன்றினாள். ஃபோனை ஒரு சுருக்குப் பையில் போட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, அதன் உச்சியில் மாட்டினாள். அதிலிருந்து ஜெய்னுலாபுதீன் கடலைப் பார்க்காமலே கடற்கரையை நிர்வாகம் செய்யத் தொடங்கினார்.

“யாரோ வந்திருக்காப்புல இருக்கே?”

“சேலத்துக்காரங்க பாய். திருநள்ளாறு போயிட்டு வர்றாங்க.”

“தம்பி!” என்றது பை. சேலத்துக்காரர் துள்ளிவிட்டார். “தம்பி, பலூனப் பாத்து சுடாதீங்க. நாலு வெரலு எடது பக்கம் தள்ளிப் புடிங்க. வெறும் பலகையப் பாருங்க.”

சேலத்துக்காரர் அற்புதத்தைப் பார்த்தார். அற்புதம் வானத்தைப் பார்த்தாள். குரலில் வயசும் அனுபவமும் தெரிந்ததால் அவர் கீழ்ப்படிந்தார். நாலு விரல் தள்ளிப் பிடித்தார்.

டொக்.

“கேட்டீங்களா!” என்றது பை, பரவசத்தோடு. “இந்தத் தேஞ்ச குழல வச்சுக்கிட்டு இந்த அம்மா ஊர ஏமாத்துது. இன்னும் ரெண்டு வெரலு தள்ளுங்க தம்பி!”

டொக்.

“என்னம்மா துப்பாக்கி இது?” சேலத்துக்காரர் திரும்பினார். கண்ணில் கோபம், நல்ல அசல் கோபம். “யாரு அந்த ஆளு? கடைக்கு ஓனரா?”

“ஓனரெல்லாம் இல்லீங்க. குத்தம் கண்டுபுடிக்கிறவரு.”

“மொதல்ல துப்பாக்கிய சரி பண்ணுங்கம்மா!”

“துப்பாக்கி நேராத்தாங்க போவுது,” என்றாள் அற்புதம். அவள் வாழ்நாளில் அந்த வாக்கியத்தை உண்மையாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. அதை யாரும் நம்பவில்லை. பையும் நம்பவில்லை. மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு நல்ல சண்டை போட்டார்கள். சுண்டல்காரன் திரும்பிப் பார்த்தான்.

சேலத்துக்காரர் போன பிறகு காற்று மட்டும் அடித்தது. பைக்குள்ளிருந்து மெட்ராஸ் சாலையின் ஹாரன் சத்தம் மெதுவாக வந்தது. பிறகு, எங்கோ தொலைவில், பாங்கு.

“மஃரிப் ஆச்சு,” என்றார் அவர். “ஆமா, குழல என்னதான் பண்றதா உத்தேசம்?”

“யோசிச்சுக்கிட்டு இருக்கேன் பாய்.”

“குழல மாத்தலன்னா நாளைலேர்ந்து ஃபோன் பண்ண மாட்டேன்.”

அற்புதத்தின் வாயில் அப்போது பலூன் எதுவும் இல்லை. ஆனாலும் வழக்கமான பதில் சட்டென்று வரவில்லை. போன தடவை அதைக் கையால் சொன்னது ஞாபகம் வந்தது.

“பண்ணுங்க பாய்,” என்றாள். “நாளைக்கும் பண்ணுங்க.”

அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, இணைப்பு போயிருந்தது.

பலகையில் மிச்சமிருந்த பலூன்களை ஊசியால் குத்தி, ரப்பர் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டாள். பழைய குழலை மணலிலிருந்து பிடுங்கி உதறினாள். துப்பாக்கியைச் சுற்றி வைப்பதற்கு முன்னால், குடைக்கம்பியை எடுத்துத் துணி சுற்றித் தேங்காய் எண்ணெய் தொட்டாள். கம்பி இடது கையில்தான் இருந்தது. கொஞ்சம் யோசித்து வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். பழக்கமில்லாத கை, கம்பி தடுமாறியது. புதுக்குழலின் வாய்க்குள் அதை விட்டு, வலது ஓரமாகவே உரசி உரசித் துடைக்க ஆரம்பித்தாள்.

இந்த வேகத்தில் தேய்த்தால் நாலு விரல் கோணல் வர முப்பது வருஷம் ஆகும். ஐயனாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வான். அவளுக்கு வீட்டில் அவசர வேலை ஒன்றுமில்லை.